ரக்பி லீக் ஃபார்வர்ட்: ஆட்டம், உடம்பு, ஒப்பந்தம் – கேள்வி பதில்

கேள்வி: கண்டியில் ரக்பி பார்த்து வளர்ந்தவன் நான். எங்களுக்கு ஃபார்வர்ட் என்றால், இரு அணியும் தோளோடு தோள் கோத்துப் பந்துக்காக மோதும் ஸ்க்ரம்மில் தள்ளுகிறவர். லீக்கில் ஸ்க்ரம்மில் யாரும் தள்ளுவதாகவே தெரியவில்லை. அப்புறம் எதற்கு அண்ணா ஃபார்வர்ட்?

பதில்: நீங்கள் பார்த்தது 15 பேர் ஆடும் யூனியன். லீக் 13 பேர் ஆட்டம். 1895-ல் வட இங்கிலாந்து கிளப்கள் ஹடர்ஸ்ஃபீல்டில் கூடித் தனியே பிரிந்ததற்குக் காரணமே கூலிப் பிரச்சினைதான். சனிக்கிழமை ஆடப் போனால் சுரங்கத்திலும் மில்லிலும் அன்றைய கூலி போய்விடும்; அதை ஈடுகட்டப் பணம் தரக் கூடாது என்றது இங்கிலாந்து ரக்பியின் தலைமை. 1906-ல் ஆட்களைக் குறைத்தார்கள். பிடிபட்டவரே எழுந்து பந்தைக் காலால் பின்னே உருட்டும் 'பிளே த பால்' முறையும் அப்போது வந்ததுதான்.

இன்றைய விதிப்படி ஓர் அணி ஆறு முறை பிடிபட்டால் (ஒவ்வொரு பிடியும் ஒரு டேக்கிள்) பந்து கைமாறும். ஒவ்வொரு முறையும் எதிரணி 10 மீட்டர் பின்வாங்க வேண்டும். அந்த 10 மீட்டரை ஓடிக் கடந்து மோதி, அணியை முன்னே நகர்த்துவதுதான் ஃபார்வர்டின் பிழைப்பு. சட்டை எண் 8, 10 ப்ராப். 9 ஹூக்கர், பிடிபட்டவர் பின்னே உருட்டும் பந்தை எடுப்பவர். 11, 12 செகண்ட் ரோ. 13 ஆஸ்திரேலியாவில் லாக், இங்கிலாந்தில் லூஸ் ஃபார்வர்ட்.

கேள்வி: ப்ராப் பந்தை வாங்கி நேரே போய் முட்டுகிறார். இதில் என்ன நுட்பம் இருக்கிறது?

பதில்: இருப்பதெல்லாம் நுட்பம்தான். நின்றுகொண்டு பந்தை வாங்கினால் கதை முடிந்தது. பின்னே எட்டுப் பத்து மீட்டர் ஆழத்திலிருந்து கிளம்பி, முழு வேகத்தில் வரும்போது பந்து கைக்கு வர வேண்டும். ஆளின் மேல் ஓடாமல் இரண்டு பேருக்கு நடுவில் இருக்கும் இடைவெளியை நோக்கி ஓட வேண்டும். கடைசி இரண்டு அடியில் காலைச் சட்டென்று மாற்றினால், தடுப்பவரின் தோள் நெஞ்சில் முழுசாக விழாமல் ஓரமாக உரசிப் போகும். பந்து, மோதும் பக்கத்துக்கு எதிர்ப்பக்க அக்குளில் இருக்க வேண்டும்.

மோதலுக்குப் பின் வருவதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. நல்ல ஃபார்வர்ட் குப்புற, முழங்கையும் முழங்காலும் தரையில் பட விழுவார். அப்போதுதான் உடனே எழ முடியும். மல்லாந்து விழுந்தால் மூன்று பேர் மேலே படுத்துவிடுவார்கள், எதிரணி வரிசை நிதானமாகத் திரும்பி நின்றுகொள்ளும். குப்புற விழுந்து மூன்று வினாடிக்குள் எழுந்து பந்தைக் குதிகாலால் உருட்டிவிட்டால், எதிரணியில் பாதிப் பேர் இன்னும் பின்னோக்கி நடந்துகொண்டிருப்பார்கள். ஹூக்கர் ஓடுவது அந்த நேரத்தில்தான். எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்து ட்ரை போட்டவர் பெயர் பலகையில் வரும். அதற்கு இரண்டு டேக்கிள் முன்னால் சீக்கிரம் எழுந்த ப்ராப்பின் பெயர் எங்கேயும் வராது. பயிற்சியாளர் மட்டும் அதைக் குறித்து வைத்திருப்பார். ஒப்பந்தமும் அந்தக் குறிப்பை வைத்துத்தான் நீளும்.

கேள்வி: 25 நிமிடத்தில் ப்ராப்பை வெளியே எடுத்துவிடுகிறார்களே, அவ்வளவுதானா அவருடைய மூச்சு?

பதில்: அந்த 25 நிமிடத்தில் அவர் பத்துப் பதினைந்து டேக்கிள் செய்து, ஏழெட்டு முறை பந்தோடு மோதி, ஒவ்வொன்றுக்கும் இடையில் 10 மீட்டர் பின்னோடி வந்திருப்பார். தரையில் விழுந்து எழுவதுதான் ஆளை உறிஞ்சும், ஓட்டம் இல்லை. ஆஸ்திரேலியாவின் உச்ச லீக் தொடரான என்.ஆர்.எல்.-ல் 2016 முதல் ஓர் அணிக்கு ஓர் ஆட்டத்தில் 8 ஆள் மாற்றங்கள்தான். அதற்கு முன் 10. அதனால் ஆரம்ப ப்ராப்கள் ஆட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலுமாக இரண்டு தவணை ஆடுவார்கள். செகண்ட் ரோக்காரர்கள் பெரும்பாலும் 80 நிமிடமும் நிற்பார்கள். வெறும் பருமனை நம்பியிருந்த 120 கிலோ ஆட்களுக்கு இந்தக் குறைப்பு பெரிய அடி.

கேள்வி: வணக்கம் சார். மேற்கு சிட்னியில் இருக்கிறோம். மகனுக்கு 16 வயது, 92 கிலோ. வழி என்ன?

பதில்: நியூ சவுத் வேல்ஸில் ஏணி தெளிவாக இருக்கிறது: 17 வயதுக்குட்பட்ட ஹெரால்டு மேத்யூஸ் கோப்பை, 19-க்கு எஸ்.ஜி. பால், 21-க்கு ஜெர்சி ஃப்ளெக், பிறகு நியூ சவுத் வேல்ஸ் கோப்பை, அதன் மேல் என்.ஆர்.எல். உள்ளூர் ஜூனியர் கிளப்பிலிருந்து மாவட்டத் தேர்வுக்குப் போக வேண்டும்.

எடையை இப்போது ஏற்றாதீர்கள், தயவுசெய்து. இந்த வயதில் பெரிய உடம்புக்காரப் பையன்கள் உடம்பாலேயே ஜெயித்துவிடுவதால் டேக்கிள் கற்காமல் போய்விடுகிறார்கள். 19-ல் எல்லாரும் வளர்ந்ததும் மாட்டிக்கொள்கிறார்கள். முதலில் தலை வைக்கும் இடத்தைச் சரிபாருங்கள். ஓடி வருபவரின் குறுக்கே தலை போகக் கூடாது. பக்கவாட்டில், அவருடைய இடுப்பை ஒட்டி இருக்க வேண்டும். குறுக்கே போனால் முழங்காலோ இடுப்பெலும்போ நேரே மண்டையில் இறங்கும். கழுத்துப் பயிற்சி வாரம் இரண்டு முறை. ஃபார்வர்ட் பழுக்க நாளாகும். 20 வயதில் பெயர் வரவில்லையே என்று விட்டுவிட வேண்டாம்.

கேள்வி: சைவம் சாப்பிட்டு இந்த ஆட்டம் ஆட முடியுமா?

பதில்: முடியும், ஆனால் கணக்கு போட்டுச் சாப்பிட வேண்டும். கிலோ எடைக்கு ஒன்றரை முதல் இரண்டு கிராம் வரை புரதம். 105 கிலோ ஆளுக்கு நாளுக்கு 160 முதல் 210 கிராம். சோறு சாம்பாரில் அது எட்டாது. சோயா, பனீர், தயிர், பருப்பு, மோர்ப்புரதப் பொடி எல்லாம் சேர வேண்டும். சைவர்களுக்குத் தசையில் கிரியேட்டின் குறைவாக இருக்கும். நாளுக்கு 3 முதல் 5 கிராம் போதும். எந்தப் பொடியானாலும் ஊக்கமருந்துக் கலப்பு இல்லை என்று தொகுதி வாரியாகச் சோதித்ததை மட்டும் வாங்க வேண்டும். தெரியாமல் கலந்துவிட்டது என்பது தடையிலிருந்து காப்பாற்றாது.

கேள்வி: சாம் பர்ஜஸ் உடைந்த கன்னத்தோடு ஆடினார் என்பது உண்மையா?

பதில்: உண்மை. 2014 என்.ஆர்.எல். இறுதிப் போட்டி, பர்ஜஸின் சவுத் சிட்னியும் கேன்டர்பரி புல்டாக்ஸும். பர்ஜஸ் முதல் முறை பந்தோடு போனபோதே புல்டாக்ஸின் ஜேம்ஸ் கிரஹாமோடு தலை மோதிக் கன்ன எலும்பு முறிந்தது. 80 நிமிடமும் ஆடினார், 30-6 வெற்றி, ஆட்ட நாயகனுக்கான கிளைவ் சர்ச்சில் பதக்கமும் அவருக்கே. அதே சவுத் சிட்னியின் கேப்டன் ஜான் சாட்லர் 1970 இறுதிப் போட்டியில் தாடை உடைந்தும் முழு ஆட்டம் ஆடினார்.

மனம் நெகிழும் துணிச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் இளம் ஆட்டக்காரர்களுக்கு அதைப் பாடமாகச் சொல்லக் கூடாது. தோள் காயம் தீராமல் பர்ஜஸ் 2019-ல் ஓய்வு பெற்றபோது அவருக்கு வயது 30.

கேள்வி: தலைக்காயத்துக்கு இப்போது என்ன விதி?

பதில்: சந்தேகம் வந்தால் வெளியே எடுத்து 15 நிமிடப் பரிசோதனை. மயக்கமோ தள்ளாட்டமோ தெளிவாகத் தெரிந்தால் அன்று திரும்பி வரவே முடியாது. என்.ஆர்.எல்.-ல் மூளை அதிர்ச்சி உறுதியானால் பொதுவாக 11 நாள் கட்டாய ஓய்வு, 2023 முதல். முன்னாள் புல்டாக்ஸ் செகண்ட் ரோ ஸ்டீவ் ஃபோக்ஸ் 2018-ல் இறந்த பின், அவர் மூளையில் சி.டி.இ. என்ற சிதைவு நோய் இருந்தது தெரியவந்தது. ஒரு பெரிய அடி மட்டும் இதற்குக் காரணமில்லை. ஆண்டுக்கணக்கில் சேரும் சிறிய அடிகளும் காரணம். அதனால்தான் நல்ல கிளப்கள் வாரத்தில் முழு மோதல் பயிற்சியை நிமிடக் கணக்கில் கட்டுப்படுத்துகின்றன. ஒப்பந்தம் பேசும்போது இதைக் கேட்பதில் தப்பில்லை, கேளுங்கள்.

கேள்வி: எத்தனை வருடம் ஆடலாம்? பணம்?

பதில்: ஃபார்வர்ட் ஜேசன் டௌமலோலோவுக்கு 2017-ல் வடக்கு குயின்ஸ்லாந்து கிளப் 10 ஆண்டு ஒப்பந்தம் தந்தது. அது விதிவிலக்கு. பெரும்பாலானோருக்கு ஒன்று முதல் மூன்று ஆண்டுதான். ஒரு கிளப் தரும் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருப்பதால், நட்சத்திரத்துக்குக் கொடுத்தது போக மீதியில்தான் மூன்றாவது, நான்காவது ப்ராப்புக்குக் கிடைக்கும். 30 தாண்டியதும் பலர் இங்கிலாந்தின் சூப்பர் லீக்குக்குப் போவது இதனால்தான். நீண்ட நாள் ஆடியவர்களும் உண்டு: பால் கேலன் 38 வயது வரை, 348 ஆட்டங்கள், ஜேமி பீகாக் 2015-ல் லீட்ஸ் அணிக்கு ஆடித் தன் ஒன்பதாவது கிராண்ட் ஃபைனல் (சூப்பர் லீக் இறுதிப் போட்டி) வெற்றி பெற்றபோது வயது 37.

கேள்வி: புள்ளிவிவரத்தில் ஒரு ஃபார்வர்டை எப்படி அளப்பது? ஓடிய மீட்டரா?

பதில்: மொத்த மீட்டர் ஏமாற்றும். எதிரணி உதைத்த பந்தைப் பிடித்து ஓடினால் முதல் 10 மீட்டர் சும்மா கிடைக்கும். மோதலுக்குப் பிறகு எடுத்த மீட்டரையும், தவறவிட்ட டேக்கிளையும், அவர் விழுந்த பின் பந்து வெளியே வர எத்தனை வினாடி ஆனது என்பதையும் பாருங்கள். அதுவும் அவருடைய தவணையின் 20-வது நிமிடத்தில்.