யாருக்கு உதவும் அறிவியல்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் என்ன ஆகப்போகிறீர்கள் என்று கேட்டால் பாதிப்பேர் டாக்டர், நர்ஸ் என்கிறார்கள். ஏன் என்றால், 'நாலு பேருக்கு உதவலாம் டீச்சர்'. விஞ்ஞானி என்று பேச்செடுத்தாலே சிரிப்பு. தும்பா ராக்கெட்டைச் சொல்லிப் பார்த்தேன், சம்பளத்தைச் சொல்லிப் பார்த்தேன். எதுவும் எடுபடவில்லை. இவர்களை எப்படி இந்தப் பக்கம் திருப்புவது?

– ப.

அன்புள்ள ப.,

அந்த 'நாலு பேருக்கு உதவலாம்' என்பதிலேயே உங்களுக்கு வேண்டியது இருக்கிறது. பிள்ளைகளுக்கு அறிவியல் மேல் பயமில்லை. விஞ்ஞானி என்றால் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கும் ஆள் என்று நினைக்கிறார்கள், அவ்வளவுதான். நம்மூரில் மட்டும் இல்லை. அமெரிக்காவில் அமாண்டா டீக்மனும் அவருடைய குழுவினரும் 2010இல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் சொன்னது: பிறருக்கு உதவ விரும்புகிறவர்கள், அறிவியல் துறைகளில் அதற்கு வழியில்லை என்று நம்பி வேறு பக்கம் போய்விடுகிறார்கள். பெண்கள் அந்தத் துறைகளில் குறைவதற்கு இதையும் ஒரு காரணமாகக் காட்டினார்கள்.

ஆகவே ராக்கெட்டைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே பிளாச்சிமடை இருக்கிறது. 2000இல் அங்கே குளிர்பான ஆலை வந்தது. சீக்கிரமே கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் போனது. குடித்தால் வயிற்றுக்கு ஆகவில்லை, குளித்தால் அரிப்பு என்று சனங்கள் சொன்னார்கள். 2002 ஏப்ரலில் தொடங்கிய போராட்டத்தில் அந்த ஊர்ப் பழங்குடிப் பெண் மயிலம்மாவும் மற்றப் பெண்களும் ஆலை வாசலில் உட்கார்ந்தார்கள். தண்ணீர் கெட்டது அவர்களுக்கு நாக்கிலேயே தெரிந்தது. ஆனால் ஆலைக் கழிவை உரம் என்று விவசாயிகளுக்குக் கொடுத்தார்களே, அதில் என்ன இருந்தது என்று யார் நாக்குக்குத் தெரியும்? 2003இல் பிபிசி வானொலிக்காரர்கள் அதை இங்கிலாந்துக்கு எடுத்துப் போய், எக்ஸிடர் பல்கலைக்கழகத்தின் ஆய்வகத்தில் சோதிக்கக் கொடுத்தார்கள். காட்மியம், ஈயம் என்ற நச்சு உலோகங்கள் இருந்தன. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. நிறுத்தியது போராட்டமும் பஞ்சாயத்தும்தானே, ஆய்வகமா என்று ஒரு பிள்ளை கேட்கும். சரியான கேள்வி, மழுப்பாதீர்கள். ஆனால் வயலில் கொட்டியது உரம் இல்லை என்று அடித்துச் சொல்ல ஒரு வேதியியல் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள் பிளாச்சிமடை இருக்கும் பெருமாட்டிப் பஞ்சாயத்திலிருந்தே வந்த ஒருத்தியாக ஏன் இருக்கக்கூடாது என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, அவர்கள் தினமும் பார்ப்பது. உங்கள் சித்தூர்ப் பக்கம் தென்னையோ கள்ளோ சம்பந்தப்படாத வீடு எத்தனை இருக்கும்? 2016இல் பொள்ளாச்சியிலும் பாலக்காட்டிலும் சுருள் வெள்ளை ஈ வந்தது. ஓலையின் அடியில் வெள்ளைச் சுருள், கீழ் மட்டைகளில் கரி பூசினாற்போல் கரும்பூசணம். எல்லோரும் மருந்தடிக்கத்தான் ஓடினோம். பூச்சியியல்காரர்கள் தடுத்தார்கள். என்கார்சியா என்ற ஒரு பொடிக் குளவி, வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அதைத் தின்றே வளர்கிறது. மருந்தடித்தால் முதலில் சாவது அதுதான் என்றார்கள். ஓலையைத் திருப்பி லென்ஸ் வைத்துப் பார்த்தால், செத்த குஞ்சின் கூட்டில் குளவி வெளியேறிய வட்டத் துளை தெரியும். ஒரு பிள்ளை அதைத் தன் கண்ணால் பார்க்கட்டும். பார்த்துவிட்டு வீட்டில் போய், 'அப்பா, மருந்து வேண்டாம்' என்று சொல்லட்டும். நாலு பேருக்கு உதவுவது என்றால் இதுவும்தானே?

ஆனால் இதையெல்லாம் நீங்களே பிரசங்கமாகச் சொல்லாதீர்கள். (டீச்சர்களுக்கு இது கஷ்டம், எனக்குத் தெரியும்.) ஹல்மேன், ஹாராக்கிவிச் என்ற இருவர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளில் ஒரு பகுதியினரை, படித்த பாடம் தங்கள் வாழ்க்கையில் எங்கே உதவுகிறது என்று எழுதச் சொன்னார்கள். நமக்கு வராது என்று நினைத்திருந்த பிள்ளைகளுக்குத்தான் அதனால் ஆர்வமும் மார்க்கும் கூடின. ஒரு பாடம் முடிந்ததும் அரைப் பக்கம் எழுதச் சொல்லுங்கள். தப்பும் தவறுமாக எழுதினாலும் பரவாயில்லை, சிவப்பு மையை அன்றைக்கு எடுக்காதீர்கள்.

சேவை என்று சொல்லிச் சம்பளத்தை மறைக்கவும் வேண்டாம். நர்ஸ் ஆகிறேன் என்கிற பிள்ளைக்கு உதவியும் தெரியும், கல்ஃப் சம்பளமும் தெரியும். ஆராய்ச்சியில் வருடக்கணக்கில் படிக்க வேண்டும், நிரந்தர வேலை தாமதமாகும் என்பதையும் சொல்லிவிடுங்கள். தெரிந்து வருகிறவள்தான் நிற்பாள்.

அப்புறம், பெற்றோர். ப்ளஸ் ஒன்னில் எந்தக் குரூப் என்று முடிவு செய்வது பல வீடுகளில் அவர்கள்தான். அமெரிக்காவில் பெற்றோருக்கு, அறிவியலும் கணக்கும் பிள்ளைகளுக்கு எப்படிப் பயன்படும் என்று விளக்கும் கையேடுகளை அனுப்பிப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளைகள் அந்தப் பாடங்களைக் கூடுதலாக எடுத்தார்கள் என்று 2012இல் ஆய்வாக வந்தது. நீங்கள் கையேடு அச்சடிக்க வேண்டாம். பெற்றோர் கூட்டத்தில் அந்த ஓலையையும் லென்ஸையும் மேஜையில் வையுங்கள், பிள்ளைகளே காட்டட்டும். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வைத்தால் நல்லது. மற்ற நாளில் தோப்பு வேலைக்குப் போகிற யாரும் வரமாட்டார்கள்.