ஜனவரிக் குளிரில் போடியிலிருந்து மூணாறுக்குச் சைக்கிளில் சென்று திரும்ப என்ன உடுத்த வேண்டும்?

போடிநாயக்கனூரிலிருந்து ஜனவரியில் சைக்கிளில் ஏறி, மூணாறில் இரவு தங்கி, மறுநாள் விடியற்காலையில் அதே சாலையில் இறங்கப் போவதாகவும், அதற்குத் தடித்த ஜெர்க்கின் ஒன்று வாங்கினால் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்த ஜெர்க்கினை வாங்க வேண்டாம். நான் போடிமெட்டுக்கும் மூணாறுக்கும் இடையே இதே சாலையில் உள்ள பூப்பாறையில் வசிப்பவன். பதினோரு ஆண்டுகளாக, மூணாறுக்குச் சற்று முன்னால் உள்ள தேவிகுளம் வரை சைக்கிளில் ஏறி இறங்கி வருகிறேன். இந்த மலையில் சைக்கிள் ஓட்டுபவரை வாட்டுவது ஏறும்போது ஊறும் வியர்வையும், இறங்கும்போது அந்த ஈரத்தின் மீது அடிக்கும் காற்றும்தான். இவ்விரண்டையும் மனத்தில் வைத்தே உடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

போடி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து மலைமேல் உள்ள போடிமெட்டுக்கு ஆயிரம் மீட்டர் அளவுக்கு ஏறியாக வேண்டும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் பொதுவாக ஆறரை டிகிரி வரை குறையும் என்றாலும், ஏறும்போது குளிர் உங்களுக்கு உறைக்காது. மிதிப்பதற்கு உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. எஞ்சியது முழுவதும் வெப்பமாகிறது. தடித்த ஜெர்க்கினுக்குள் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல், மூன்றாவது கொண்டை ஊசி வளைவுக்குள் முதுகு நனைந்துவிடும். ஆகவே, கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். முதல் பத்து நிமிடம் இதமாக இருந்தால் அதிகமாக உடுத்தியிருக்கிறீர்கள் என்று பொருள்.

மறுநாள் காலைதான் உண்மையான சோதனை. ஜனவரியில் மூணாறைச் சுற்றியுள்ள எஸ்டேட்டுகளில் புல்வெளி வெள்ளையாக உறைந்து கிடக்கும் நாட்கள் உண்டு. சில ஆண்டுகளில் சுழியத்துக்குக் கீழேயும் இறங்கும். அவ்வளவு வேண்டாம், ஐந்து டிகிரி என்றே வைத்துக்கொள்வோம். அமெரிக்காவும் கனடாவும் 2001ஆம் ஆண்டு முதல் பயன்படுத்தும் காற்றுக்குளிர்க் கணக்கின்படி, ஐந்து டிகிரியில் மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று முகத்தில் அடித்தால் தோலுக்கு அது சுழியத்துக்கும் ஒரு டிகிரி கீழே இருப்பதைப் போன்றது. காற்றே வீசாத காலையிலும், 40 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும் சைக்கிள் அந்தக் காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. இறக்கத்தில் மிதிக்கவும் மாட்டீர்கள் என்பதால் உடலில் சூடும் பிறக்காது.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு டிசம்பர் காலையில். பருத்தி பனியனும் அதன்மேல் கம்பளி ஸ்வெட்டருமாகத் தேவிகுளம் வரை ஏறி, கடையில் நின்று தேநீர் குடித்துவிட்டு, ஈர பனியனுடனேயே பூப்பாறைப் பக்கம் இறங்கும் கேப் ரோட்டில் இறங்கினேன். சிறிது நேரத்தில் விரல்கள் மரத்துப் போயின. பிரேக்கை அழுத்துவதாக நினைத்தேன், விரல்கள் மடங்கவே இல்லை. உள்ளங்கையால் அழுத்தி, பாறைச் சரிவின் ஓரத்தில் ஒருவாறு நிறுத்தினேன். கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றபோது, சூடு திரும்பும் வேதனையில் கண்ணில் நீர் வந்துவிட்டது. வீட்டில் அம்மா கேட்ட முதல் கேள்வி, “ஈரத்துணியோடயா இறங்கின?” என்பதுதான். முப்பது ஆண்டுகள் தேயிலைக் கொழுந்து எடுத்தவர் அவர். விடியலில் கம்பளியைப் போர்த்திச் சென்று, வேலை தொடங்கியதும் அதைக் களைந்துவிடுவார். இடுப்பைச் சுற்றிய பிளாஸ்டிக் தாளை மட்டும் பனி ஈரம் ஏறாமலிருக்க விட்டுவைப்பார். சைக்கிள் உடையின் இலக்கணமும் ஏறக்குறைய அதுவே.

உடலோடு ஒட்டி இருக்கும் துணி பருத்தியாக இருக்கவே கூடாது. பருத்தி வியர்வையை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அநேகமாக நீரையே பிடித்துக்கொள்ளாது. திருப்பூர்ப் பின்னலாடைகளில் மலிவாகக் கிடைக்கும் மெல்லிய பாலியஸ்டர் டி-ஷர்ட் போதும். பணம் இருந்தால் மெரினோ கம்பளியில் ஒன்று வாங்கலாம். நனைந்த பிறகும் அது ஓரளவு சூடு காக்கும், நாற்றமும் பிடிக்காது. எதை வாங்கினாலும் இரண்டாக வாங்கி, ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். ஏறி முடித்ததும் உலர்ந்த சட்டைக்கு மாறுவதற்கு ஈடான செலவு வேறொன்றும் இல்லை.

அதற்கு மேல், இறக்கத்துக்கென்று, மடித்தால் சட்டைப்பைக்குள் அடங்கும் மெல்லிய காற்றுத்தடுப்பு ஜாக்கெட் ஒன்று வேண்டும். மார்புப் பக்கம் காற்று புகாமல், முதுகுப் பக்கம் சிறிது காற்றோட்டம் இருப்பதே நல்லது. அது கைவசம் இல்லையென்றால் நாளிதழை விரித்து மார்பில் செருகிக்கொள்ளுங்கள்; டூர் டி பிரான்ஸ் வீரர்களே மலையுச்சியில் நின்றவர்களிடம் செய்தித்தாள் வாங்கிச் செருகிக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். கால்களுக்கு முழங்காலை மூடும் நீளக் கால்சட்டை போதும்.

கையுறையில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். விரல் முழுவதையும் மூடுவதாக, காற்றுப் புகாததாக இருக்க வேண்டும். ஆனால் அதை அணிந்துகொண்டே கடையில் ஒரு சைக்கிளின் பிரேக்கைப் பிடித்து, கியரை மாற்றிப் பார்த்த பிறகே வாங்க வேண்டும். மிகத் தடித்த கையுறையில் பிரேக்கின் பதம் விரலுக்குத் தெரியாது. ஷூவின் முன்பக்க வலைத்துணி வழியாக நுழையும் காற்றுக்கு, கழுவிய பால் கவரைச் சாக்ஸின் மேல் விரல் பகுதியில் மாட்டுவது நான் இன்றும் செய்வது. தடிமனான சாக்ஸ் இரண்டைத் திணித்தால் ஷூ இறுகி, இரத்த ஓட்டம் குறைந்து, முன்பைவிட அதிகமாகக் குளிரும். குரங்குக் குல்லாய் ஹெல்மெட்டைத் தூக்கிவிடும். ஹெல்மெட்டுக்கு அடியில் காதை மூடும் மெல்லிய தொப்பியும், கழுத்துக்கு ஒரு துணிக்குழாயும், கண்ணுக்குத் தெளிந்த கண்ணாடியும் போதும்.

விளக்குகளை மறந்துவிடாதீர்கள். ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிவரும் ஜீப்புகள் விடியலிலேயே தேனிப் பக்கத்திலிருந்து வேகமாக ஏறி வரும். மூடுபனியில் அவர்கள் உங்களைக் காண வேண்டுமென்றால் சைக்கிளின் முன்புறமும் பின்புறமும் விளக்கு எரிய வேண்டும். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும் என்பதால் இரவே முழுவதுமாகச் சார்ஜ் ஏற்றிவிடுங்கள்.

திரும்பும் வழியில் பூப்பாறை வந்ததும் ஜாக்கெட்டைக் கழற்றிவிடலாம், ஏனெனில் அங்கிருந்து போடிமெட்டு வரை மறுபடியும் ஏற்றம்தான். போடிமெட்டுச் சோதனைச் சாவடி அருகே வெயில் அடித்தாலும் நின்று, அதை மீண்டும் மாட்டிக்கொண்டு, கழுத்து வரை ஜிப்பை ஏற்றிய பிறகே 17 வளைவுகளில் இறங்கத் தொடங்குங்கள்.