அணுகுண்டும் கையெழுத்தும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஒப்பந்தம், பொருளாதாரத் தடை, ஆய்வு என்று இத்தனை வருடமாகப் பேசியும் வட கொரியா குண்டு செய்துவிட்டதே, எல்லாம் கண்துடைப்புதானே? (வாசகர், தஞ்சாவூர்)

அப்படி ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். எழுபதுகளில் 15, 20, ஏன் 25 நாடுகளிடம்கூட குண்டு இருக்கலாம் என்று 1963-ல் அமெரிக்க அதிபர் கென்னடி கவலைப்பட்டார். இன்றைக்கு 9 நாடுகளிடம்தான் இருக்கிறது. புதிதாக யாரும் குண்டு செய்யாமல் தடுக்க 1970-ல் அமலுக்கு வந்த அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம் ஒன்றே அதற்குக் காரணம் இல்லை. தென் கொரியாவும் தைவானும் ரகசியமாக முயன்றபோது அமெரிக்கா காதைத் திருகித்தான் நிறுத்தியது. அமெரிக்கப் பாதுகாப்பை நம்பி வாழ்ந்தவர்களிடம் அந்த மிரட்டல் பலித்தது. வட கொரியாவுக்கு அப்படி இழக்க எதுவும் இல்லை, 2003-ல் ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக அறிவித்து 2006-ல் வெடித்தே காட்டியது.

ஈராக் கதை இன்னும் வேடிக்கை. கையெழுத்துப் போட்ட நாடு, சர்வதேச ஆய்வாளர்களும் ஒழுங்காக வந்து போனார்கள், ஆனால் அரசு காட்டிய இடத்தை மட்டும் பார்த்தார்கள். குண்டு செய்யும் ரகசிய வேலை எவ்வளவு தூரம் போயிருந்தது என்பது 1991 போருக்கு அப்புறம்தான் முழுசாகத் தெரிந்தது. கூடுதல் இடங்களையும் பார்க்க வழிசெய்யும் நெறிமுறை 1997-ல் வந்தது. அதிலும் சேர்வது அந்தந்த நாட்டின் இஷ்டம்!

கேள்வி: கையில் இருந்த குண்டை யாராவது விட்டுக்கொடுத்திருக்கிறார்களா? (வாசகி, திருநெல்வேலி)

தென்னாப்பிரிக்கா. சொந்தமாகச் செய்த 6 குண்டுகளைப் பிரித்துப்போட்டுவிட்டு 1991-ல் ஒப்பந்தத்தில் சேர்ந்தது, 1993-ல்தான் அதிபர் டி கிளர்க் நாடாளுமன்றத்தில் விஷயத்தையே சொன்னார். அருகில் அங்கோலாவில் எதிராக நின்ற கியூபப் படை கிளம்பியாயிற்று, பனிப்போரும் முடிந்தது, பயம் போனதும் குண்டும் போனது. உக்ரைனும் தன் மண்ணில் இருந்த சோவியத் குண்டுகளை, 1994-ல் தன் எல்லையை மதிப்போம் என்று ரஷ்யா உள்ளிட்ட நாடுகளிடம் உறுதிமொழி வாங்கிக்கொண்டு, ரஷ்யாவுக்கு அனுப்பியது. 20 வருடம் கழித்து அதே ரஷ்யா உக்ரைனின் கிரிமியாவை எடுத்துக்கொண்டது. இனி யாரிடம் போய் 'நம்பிக் கொடு' என்று கேட்பது?

கேள்வி: இந்தியா ஏன் கையெழுத்துப் போடவில்லை? (வாசகர், ஓசூர்)

1967 ஜனவரி 1-க்கு முன் வெடித்தவர்கள் மட்டும் குண்டு வைத்துக்கொள்ளலாம் என்பது ஒப்பந்தத்தின் விதி. 1964-ல் வெடித்த சீனா உள்ளே, நாம் வெளியே. சரி, 1974-ல் பொக்ரானில் நாம் வெடித்ததும் நமக்குப் பொருள் கிடைக்காதபடி அணுப் பொருள் விற்கும் நாடுகள் ஒரு குழு அமைத்தன. 2008-ல் அதே குழு நமக்கு விலக்கு கொடுத்தது. 2016-ல் அந்தக் குழுவில் உறுப்பினராக மனுப் போட்டோம், சீனா குறுக்கே நிற்கிறது.