ஐந்து நிமிட மேடைக்குப் பத்து டிக்கெட்டா?

கேள்வி: ஸ்டாண்ட்-அப் காமெடியில் முதல்முறையாக ஐந்து நிமிடம் பேசப்போகிறேன். நடுவில் மறந்துவிடுமோ என்று பயம். போதாததற்குப் பத்து டிக்கெட்டை நானே விற்றுத் தர வேண்டும் என்கிறார் ஏற்பாட்டாளர். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: மறதிக்கு மருந்து எளிது. நான்கு நிமிடத்துக்கு மட்டும் எழுதுங்கள். சிரிப்பு வந்தால் மிச்ச நேரத்தை அதுவே தின்றுவிடும். வராவிட்டால் சீக்கிரம் இறங்கிவிடலாம், ஒருவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வரிக்கு வரி உருப்போட வேண்டாம். முதல் வரியும் கடைசி வரியும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும். நடுவில் வரும் ஜோக்குகளுக்கு ஒவ்வொரு சொல்லாக ‘லிஃப்ட், மாமா, குறட்டை’ என்று துண்டுச் சீட்டில் எழுதித் தண்ணீர் பாட்டிலுக்கு அடியில் வையுங்கள். தண்ணீர் குடிக்கிற சாக்கில் பார்த்துக்கொள்ளலாம். மைக்கின் தலையைக் கையால் பொத்தாதீர்கள், கூவும். சிரிப்பு அடங்குமுன் அடுத்த வரிக்குத் தாவாதீர்கள்.

டிக்கெட் விஷயத்தில் மட்டும் மறுத்துவிடுங்கள். உங்கள் சித்தப்பா மகனையும் அலுவலக நண்பர்களையும் காசாக்கும் வியாபாரம் அது. உங்கள் ஆட்கள் நீங்கள் தும்மினாலும் சிரிப்பார்கள். எந்த வரி எடுபட்டது என்று தெரியாமலே வீடு திரும்புவீர்கள். அடுத்த மாதம் அதே பத்துப் பேரை மறுபடி அழைக்க முடியுமா? ஏற்பாட்டாளருக்கு அந்தக் கவலை இல்லை, புதிதாக இன்னொருவர் சிக்குவார். ‘பெரிய ஆட்கள் பார்க்க வருவார்கள்’ என்பதையும் நம்பாதீர்கள். இத்தனை வருடமாக இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. வீடியோவுக்குத் தனிக் கட்டணம் கேட்டால், கைபேசியை முன்வரிசையில் சாய்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விலக்கு உண்டு. வாசலில் எல்லோரிடமும் வாங்கும் நுழைவுக் கட்டணத்தை உங்களிடமும் கேட்டால் கொடுத்துவிடுங்கள். இடத்துக்கு வாடகை இருக்கிறது. ஒரு பானமாவது வாங்குங்கள் என்றாலும் அப்படியே. ‘கூட ஒரு நண்பரை அழைத்து வாருங்கள்’ என்றால்? அதுவும் சரிதான். அவர் கடைசிவரை உட்கார்ந்திருக்க வேண்டும் என்பார்கள், அதுவும் நியாயம். உங்களுக்குப் பிறகு பேசுபவருக்கும் ஆள் வேண்டாமா? ஆனால் ஒருவர் என்றால் ஒருவர். மூன்று, நான்கு என்று ஏறினால் பழைய கதைதான்.

யார் வேண்டுமானாலும் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்து, முறை வந்ததும் மேடையேறும் ‘ஓப்பன் மைக்’ நிகழ்ச்சி ஒன்றைத் தேடுங்கள். எதிரே இருப்பவர்களில் பாதிப் பேர் தங்கள் முறைக்குக் காத்திருக்கும் காமெடியன்களாகவே இருப்பார்கள். சொந்தச் சீட்டை முணுமுணுத்துக்கொண்டிருப்பார்கள், சிரிக்க மாட்டார்கள். அவர்களில் ஒருவர் தலைநிமிர்ந்து சிரித்தால், இறங்கியதும் அந்த வரியைக் குறித்துக்கொள்ளுங்கள்.