ஓட்ஸ் பிஸ்கட் மறுநாளே நமத்துப்போகிறதா?

சகோதரி, செய்த அன்று மொறுமொறுப்பாக இருக்கும் ஓட்ஸ் பிஸ்கட் மறுநாள் காலையிலேயே நமத்துப்போகிறது என்று எழுதியிருந்தீர்கள். நானும் மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டப்புறத்தில்தான் இருக்கிறேன். மாலை மழைக்கு இங்கே டின்னில் அடைத்த முறுக்குகூடத் தப்பாது. ஆனாலும் பழியை முழுவதும் மழைமீது போடாதீர்கள்.

நீங்கள் எழுதிய செய்முறை அளவில் பழுப்புச் சீனி மட்டுமே இருக்கிறது. அது ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பாதியை வெள்ளைச் சீனியாக மாற்றுங்கள். உடனடி ஓட்ஸ் வேண்டாம்; முழுத் தட்டை ஓட்ஸ் (ரோல்டு ஓட்ஸ்)தான் கடிக்க நன்றாக இருக்கும்.

முக்கியமானது வேகும் விதம். ஓவனில் 180 டிகிரி செல்சியஸில் 12 நிமிடம் வைத்தால் ஓரம் சிவந்துவிடும், நடுவில் ஈரம் தங்கிவிடும். 160 டிகிரிக்குக் குறைத்து 20 நிமிடம் வரை விடுங்கள். ஒன்றைத் திருப்பிப் பாருங்கள்: அடிப்பாகத்தின் நடுவும் பொன்னிறமாக இருக்க வேண்டும். எடுத்தவுடன் மெத்தென்றுதான் இருக்கும், பயப்படாதீர்கள், ஆறும்போதுதான் இறுகும். கம்பித்தட்டில் பரப்பி, முழுவதும் ஆறிய பிறகே டின்னில் போட்டு இறுக மூடுங்கள். இளஞ்சூட்டோடு மூடினால் அந்த ஆவியே கெடுத்துவிடும்.

நமத்துப்போனவற்றை எறிந்துவிடாதீர்கள். 150 டிகிரியில் 5 நிமிடம் ஓவனில் வைத்து ஆறவிட்டால் மொறுமொறுப்பு திரும்பிவிடும்.