ஆலிவ் இலைச் சாறு மருந்தாகுமா?

கேள்வி: ஆலிவ் இலைச் சாறு அடைத்த மாத்திரைகள் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்கிறார்கள். இலையில் அப்படி என்ன இருக்கிறது? அதை எவ்வாறு பிரித்தெடுக்கிறார்கள்? மருத்துவர் தந்த மாத்திரைக்குப் பதிலாக இதை எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: ஆலிவ் இலையை மென்றால் நாக்கில் படரும் கடுங்கசப்புக்குக் காரணம் ஒலியூரோபீன் என்னும் பாலிஃபீனால், அதாவது தாவரங்களில் உருவாகும் ஒருவகை வேதிப்பொருள். அது நீரில் கரையும் பொருள் என்பதால், காயை ஆட்டி எடுக்கும் எண்ணெயில் மிகச் சிறிதளவே தங்குகிறது. கிளைகளைக் கத்தரிக்கும்போது கழிவாகக் குவியும் இலைகளிலோ அது நிறைந்திருக்கிறது.

ஆனால் அதைப் பிரித்தெடுப்பதற்கு இலையே ஒரு தடையை வைத்திருக்கிறது. உயிருள்ள இலையில் ஒலியூரோபீன் ஓரிடத்திலும், அதைச் சிதைக்கும் பீட்டா-குளுக்கோசிடேஸ் என்னும் நொதி வேறோரிடத்திலும் இருக்கின்றன. பூச்சி கடித்தாலோ பச்சை இலையை நாம் அரைத்தாலோ இரண்டும் கலந்து, நாம் தேடும் பொருள் வேறொன்றாக மாறத் தொடங்கிவிடுகிறது. பூச்சிகளிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ள மரம் செய்துகொண்ட இந்த ஏற்பாடு எனக்கு எப்போதும் வியப்பைத் தருவது. அதனால் இலையை முதலில் முறையாக உலர்த்தி, நொதியின் செயலை அடக்கிய பிறகே பொடிக்கிறார்கள். அந்தப் பொடியை எத்தனாலும் நீரும் கலந்த கரைப்பானில் ஊறவைத்து, வடிகட்டி, வெற்றிடத்தில் குறைந்த வெப்பத்தில் வற்றவைத்தால் அடர்ந்த சாறு கிடைக்கும். மீயொலி அலைகளைச் செலுத்தினால் செல்சுவர்கள் உடைந்து, ஊறும் நேரம் வெகுவாகக் குறைகிறது.

பலனைப் பொறுத்தவரை, இந்தோனேசியாவில் நடந்து 2011இல் வெளியான ஆய்வு பலரும் எடுத்துக்காட்டுவது. தொடக்கநிலை உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு 500 மில்லிகிராம் சாற்றை நாளுக்கு இருவேளை எட்டு வாரம் கொடுத்ததில், காப்டோப்ரில் என்னும் ரத்த அழுத்த மருந்துக்கு ஏறக்குறைய இணையாக அழுத்தம் குறைந்தது. எனினும் அதில் வெற்று மாத்திரை பெற்ற ஒப்பீட்டுக் குழு இல்லை என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. அத்தகைய ஒப்பீட்டுடன் 2017இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், அழுத்தம் சற்றே கூடியிருந்த 60 ஆண்களிடம் மேல் அளவு மூன்று, நான்கு புள்ளிகளே குறைந்தது. என் மதிப்பீட்டில் பலன் உண்மையானது, ஆனால் மிதமானது.

ஆகவே மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டு இதை நம்பியிருக்காதீர்கள். அதனோடு சேர்த்து எடுத்தாலும் அழுத்தம் அளவுக்கு மீறிச் சரிந்து தலைசுற்றல் வரலாம். நீரிழிவு மருந்து உண்பவர்களுக்குச் சர்க்கரையும் கூடுதலாகக் குறையக்கூடும் என்பதால், முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் சம்மதித்தால், வாங்கும்போது இலைப்பொடியின் எடையைப் பார்க்காமல், ஒரு மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் ஒலியூரோபீன் உள்ளது என்று அட்டையில் குறித்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண் இல்லாத மாத்திரையை ஆய்வுகளில் கொடுத்த அளவோடு ஒப்பிடவே வழியில்லை.