இரண்டு மருத்துவமனைகளிலும் கணினி இருந்தும், ஒன்றின் பதிவை இன்னொன்று ஏன் படிக்க முடிவதில்லை?

ஒரு மருத்துவமனை அனுப்பும் தகவலை, யாரும் மறுபடி தட்டச்சு செய்யாமலே இன்னொன்றின் மென்பொருள் சரியான பொருளில் எடுத்துக்கொள்வதுதான் ‘இணைந்தியங்கும் தன்மை’. இது பெரும்பாலும் உடைவது இணைய இணைப்பில் அல்ல, பொருளில்.

ரத்தச் சர்க்கரையையே பாருங்கள். லிட்டருக்கு 7 மில்லிமோல் என்பதும் டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராம் என்பதும் ஒரே அளவு. அலகு விடுபட்டு வெறும் ‘7’ மட்டும் போய்ச் சேர்ந்தால், மில்லிகிராமை எதிர்பார்க்கும் மென்பொருள் அதை உயிருக்கு ஆபத்தான தாழ்சர்க்கரையாகக் காட்டும்.

அதனால்தான் பொதுத் தரங்கள் வந்தன. ‘லாயின்க்’ ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரு குறியீடு தருகிறது: சர்க்கரையை மில்லிகிராமில் அளந்தால் 2345-7, மில்லிமோலில் அளந்தால் 14749-6. ‘ஃபயர்’ என்ற தரம் எண், அலகு, தேதி, நோயாளி அடையாளம் ஆகியவற்றைத் தனித்தனியே வைக்கிறது. கட்டம் போட்ட படிவம் மாதிரி. யார் நிரப்பினாலும் எது எங்கே இருக்கும் என்பது தெரியும்.

கடினமான வேலை, பழைய பரிசோதனைப் பெயர்களை இந்தக் குறியீடுகளோடு பொருத்துவது. ஆய்வகப் பணியாளர்கள் உடன் உட்காராமல் நிரலாளர்கள் மட்டும் செய்தால் தவறு நிச்சயம்.

காகித அறிக்கையை ஸ்கேன் செய்து ஏற்றினாலே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். மென்பொருளுக்கு அது வெறும் படம், அதில் எழுதியிருக்கும் ஒவ்வாமையைப் படித்து மருந்து எழுதும்போது தானாக எச்சரிக்காது.